முதற்பக்கத்தில் கிணற்று நீருக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

1968 அமெரிக்கத் தேர்தலின்போது மக்கோம்ப்ஸ், ஷோ என்ற ஊடக ஆய்வாளர்கள் இருவரும் அந்நாட்டின் சப்பல் ஹில் நகரில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஊடகங்கள் அழுத்திச் சொன்ன பிரச்சினைகளையே வாக்காளர்களும் முக்கியமென்று கருதியது அதில் தெரிந்தது. முதற்பக்கத்துக்கு அவ்வளவு பலம்.

எங்கள் பத்திரிகைகளோ அதைப் பெரும்பாலும் அரசியல்வாதிகளின் அறிக்கைகளுக்கே கொடுக்கின்றன. யாழ்ப்பாணத்து வலிகாமத்தின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் உரமும் மலசலகூடக் கழிவும் இறங்கி, பல கிணறுகளில் நைத்திரேற்று என்ற, அளவு மீறினால் தீங்கான இரசாயனம் கூடியிருப்பதை ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்கிறார்கள். பச்சைக்குழந்தைகளுக்குப் பால்மா கரைக்கிற தண்ணீர் அது! அமைச்சர் யாராவது வந்து பேசும்வரை காத்திருக்க வேண்டுமா?

2016ஆம் ஆண்டின் தகவலுக்கான உரிமைச் சட்டம் கையில் இருக்கிறது. எந்தக் கிணறுகள் சோதிக்கப்பட்டன, முடிவு என்ன என்று உங்கள் செய்தியாளர்கள் அரச நிறுவனங்களிடம் கேட்டு வாங்கி, ஊர்வாரியாக முதற்பக்கத்திலேயே வெளியிட வேண்டும்.

வாசகர் ஒருவர்,
சுன்னாகம்.