அழிக்கப்படலாம் என்றால் அழியுமா, அழியாதா?

அனுப்புநர்: டி.டி.பி. கடை உரிமையாளர், மதுரை
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: இயங்குதளம் நிறுவும்போது வந்த குழப்பமான எச்சரிக்கைகளால் கோப்புகள் அழிந்தது குறித்து

ஐயா / அம்மையீர்,

வணக்கம். மதுரையில் பதினெட்டு வருடமாக டி.டி.பி. கடை நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், கோயில் நோட்டீஸ், அவ்வப்போது யாராவது கவிஞர் கொண்டுவரும் புத்தகம், இதுதான் பிழைப்பு. கடையில் இரண்டு கம்ப்யூட்டர். ஒன்றில் டிசைன் வேலை. இன்னொன்றில் பில், மெயில், பழைய வேலைகளின் சேமிப்பு. இந்த இரண்டாவதில் விண்டோஸ் 10 இருந்தது. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஆறாம் தலைமுறை பிராசசர் என்பதால் 11-க்குப் போகவும் வழியில்லை. நன்றாக ஓடுகிற மெஷினைத் தூக்கிப்போட மனசில்லாமல், லினக்ஸ் வழி வந்த உங்கள் இயங்குதளத்தை ஒரு வருடத் தொலைபேசி உதவியோடு பென் டிரைவில் வாங்கினேன். திரை முழுக்கத் தமிழில் வரும் என்று போட்டிருந்தீர்கள். அதை நம்பித்தான் வாங்கினேன்.

மெஷினில் இரண்டு டிஸ்க். 480 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யில் சி டிரைவ். ஒரு டி.பி. ஹார்ட் டிஸ்க்கில் டி, இ. என் பதினெட்டு வருட வேலை முழுவதும் டி-யில். ‘எந்த வட்டில் நிறுவுகிறீர்களோ அதைப் பிரதி எடுத்துக்கொள்ளவும்’ என்று உங்கள் கையேடு சொன்னது. சி-யில் நிறுவுவதாக நினைத்து, சி-யில் இருந்ததை எல்லாம் வேறொரு டிரைவில் எடுத்து வைத்தேன். டி-யையும் எடுத்திருக்கலாமே என்று என் மனைவி இன்றுவரை கேட்கிறாள். அந்தத் தப்பு என்னுடையதுதான்.

இனி உங்கள் எச்சரிக்கைகளுக்கு வருகிறேன். மொழியைத் தேர்ந்தெடுக்கும் முதல் பக்கத்திலேயே மஞ்சள் முக்கோணம்: ‘தரவுகள் அழிக்கப்படலாம்.’ சரி என்று அடுத்ததற்குப் போனால் விசைப்பலகைப் பக்கம். அங்கும் அதே முக்கோணம், அதே வாசகம். வைஃபை பாஸ்வேர்ட் கேட்கும் பக்கத்திலும் அதுவே. வைஃபை பாஸ்வேர்ட் போட்டால் எந்தத் தரவு அழியும், சொல்லுங்கள்? பயந்துபோய் உங்கள் உதவி எண்ணுக்குப் போன் செய்து, திரையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பிலும் அனுப்பினேன். பேசிய தம்பி, “அது எல்லாருக்கும் வர்ற மெசேஜ்தான் சார், ஓகே குடுத்துட்டே போங்க” என்றார். நானும் குடுத்துட்டே போனேன்.

புரூஃப் பார்த்தே பழகிய கண் என்பதால் அந்த வாசகத்தில் கொஞ்சம் நிற்கிறேன். தமிழில் ‘லாம்’ என்ற விகுதிக்கு இரண்டு வேலை உண்டு. ‘மழை வரலாம்’ என்றால் வந்தாலும் வரும், வராமலும் போகும். ‘நீங்கள் போகலாம்’ என்றால் போக அனுமதி. உங்கள் ‘அழிக்கப்படலாம்’ இதில் எது? சந்தேகமா, அனுமதியா? நிச்சயம் அழியும் என்கிற இடத்தில் ‘அழிந்துவிடும், திரும்ப வராது’ என்று எழுத எத்தனை எழுத்து அதிகம்? டவுன் பஸ்ஸில் ‘படியில் பயணம் நொடியில் மரணம்’ என்று எழுதியிருப்பார்கள். அதை ‘படியில் பயணிப்பதால் சில பாதிப்புகள் ஏற்படலாம்’ என்று மாற்றிப் பாருங்கள். எவன் உள்ளே ஏறுவான்?

உண்மையிலேயே டிஸ்க்கில் கைவைக்கிற கடைசிப் பக்கத்தில் மட்டும் உங்கள் முக்கோணம் இல்லை! அங்கே இருந்தது இவ்வளவுதான்: ‘பின்வரும் பகிர்வுகள் நீக்கப்படும்: எஸ்.டி.ஏ.1, எஸ்.டி.ஏ.2. தொடரவா?’

பகிர்வு என்றால் ஷேர் என்றுதான் எனக்குத் தெரியும். உங்கள் மெனுவிலேயே இன்னொரு இடத்தில் ‘கோப்புறைப் பகிர்வு’ என்று அந்தப் பொருளில்தான் போட்டிருக்கிறீர்கள். டிசைன் மெஷினிலிருந்து எடுப்பதற்காக இந்த மெஷினில் இரண்டு ஃபோல்டரை நெட்வொர்க்கில் ஷேர் செய்து வைத்திருந்தேன். பட்டியலிலும் இரண்டு. அந்த ஷேரிங் போகும் போல, அப்புறம் மறுபடி போட்டுக்கொள்ளலாம் என்று ‘தொடர்’ அழுத்தினேன். நீங்கள் சொன்னது பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கைப் பிரித்து வைத்த பாகம் என்பது டி-யும் இ-யும் போன பிறகுதான் புரிந்தது. பார்ட்டிஷன் என்றே தமிழில் எழுதியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

எஸ்.டி.ஏ. என்பது லினக்ஸ் ஒரு டிஸ்க்குக்கு வைக்கும் பெயர். அது முதல் டிஸ்க், ஆகவே சி என்று எடுத்துக்கொண்டேன். எந்த டிஸ்க்குக்கு அந்தப் பெயர் விழும் என்பதற்கு உறுதி இல்லை, போர்டில் எந்த ஒயர் எந்த ஓட்டையில் செருகியிருக்கிறது என்பதைப் பொறுத்தும் மாறும் என்று டேட்டா ரெக்கவரி செய்யும் பையன் விளக்கினான். அந்தப் பக்கத்தில் டிஸ்க்கின் அளவு இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்பதும் இல்லை. ‘இந்த டிஸ்க்கில் 600 ஜி.பி. கோப்புகள் இருக்கின்றன’ என்று ஒரு வரி வந்திருந்தால் நான் கையை எடுத்திருப்பேன்.

ஹார்ட் டிஸ்க் என்பதால் பாதி தப்பியது. எஸ்.எஸ்.டி.யாக இருந்தால் அழித்த இடத்தை அதுவே துடைத்துவிடும், ஒன்றும் தேறியிருக்காது என்றான் அந்தப் பையன். ரூ. 6,500 வாங்கிக்கொண்டு கிடைத்ததைக் கொடுத்தான். ஆனால் ஒரு ஃபைலுக்கும் பெயர் இல்லை, வெறும் எண்கள். உள்ளே இருக்கும் சொல்லைப் போட்டுத் தேடவும் முடியாது. பழைய வேலைகள் பாமினி எழுத்துருவில் அடித்தவை. திரையில் ‘அம்மா’ என்று தெரிந்தாலும் ஃபைலுக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் இருக்கும். அதனால் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துப் பெயர் வைக்கிறேன். கடையை மூடிய பிறகு ராத்திரி ஒன்பதிலிருந்து பதினொன்று வரை. இதுவரை 340 ஆகியிருக்கிறது. 2011-இல் நான் பத்திரிகை அடித்துக் கொடுத்த ஒரு பெண்ணின் மகளுக்குக் காதணி விழா என்று போன வாரம் வந்தார்கள், அம்மாவின் பத்திரிகை மாதிரியே வேண்டுமாம். தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

பென் டிரைவின் விலையையும் ரெக்கவரி செலவு ரூ. 6,500-ஐயும் திருப்பித் தர வேண்டும். அந்தக் கடைசிப் பக்கத்தைத் திருத்தி எழுதி, எப்போது வெளிவரும் என்று தேதியும் சொல்ல வேண்டும். தமிழ் தெரிந்த ஆள் உங்களிடம் இல்லையென்றால் வாசகத்தை அனுப்புங்கள், காசு வாங்காமல் புரூஃப் பார்த்துத் தருகிறேன். போனில் பேசிய தம்பியை ஒன்றும் செய்ய வேண்டாம், அவருக்கு யாரோ அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்வேன். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

இணைப்பு: வாங்கிய ரசீது, ரெக்கவரி ரசீது, வாட்ஸ்அப்பில் அனுப்பிய திரைப் படங்கள் நான்கு. கடைசிப் பக்கத்தை மட்டும் படம் எடுக்கவில்லை. அதில் முக்கோணம் இல்லையே.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்