பழைய வலைப்பதிவுகளைப் பிரதி எடுத்துவிட்டீர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழில் வலைப்பதிவுகள் பரவத் தொடங்கி இருபது ஆண்டுகள் தாண்டிவிட்டன. எழுதியவர்களில் பலர் முகநூலுக்குப் போய்விட்டார்கள், சிலர் காலமாகிவிட்டார்கள். இணையத்தில் ஏறிய எழுத்து எங்கே போய்விடும் என்ற நினைப்பு மட்டும் எல்லோருக்கும் இருக்கிறது. இலவசமாக இணையப் பக்கம் அமைக்க இடம் கொடுத்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டது. கூகுளின் சமூக ஊடகமான கூகுள் பிளஸ் 2019இல் போனது. மரத்தடி போன்ற தமிழ்க் குழுக்கள் பேசித் தீர்த்த யாகூவின் மின்னஞ்சல் குழுமங்கள் 2020இல் முடிந்தன. ஓசியில் இடம் கொடுத்தவர் கடையைக் கட்டும்போது கொஞ்ச நாள் கெடு கொடுப்பார், அவ்வளவுதான்.

கூகுளின் இலவச வலைப்பதிவுச் சேவையான பிளாக்கரில் எழுதியவர்களுக்குப் பிரதி எடுப்பது அரை மணி நேர வேலை. நம் தரவுகளை இறக்கிக்கொள்ள உதவும் கூகுள் டேக்அவுட் பக்கத்தில் எல்லா டிக்குகளையும் எடுத்துவிட்டு பிளாக்கரை மட்டும் தேர்ந்தெடுத்தால் ஒரு ஜிப் கோப்பு வரும். அதற்குள் இருக்கும் ஆட்டம் (.atom) என்ற வகைக் கோப்பில் இடுகைகள், பின்னூட்டங்கள், தேதிகள், குறிச்சொற்கள் இருக்கும். படங்கள் அந்தக் கோப்பில் இருக்காது, அவற்றின் முகவரிதான் இருக்கும். பலர் ஏமாறுவது இங்கேதான். படம் முக்கியமான பதிவுகளை உலாவியில் திறந்து, ‘முழுப் பக்கம்’ என்ற தேர்வில் தனியாகச் சேமிக்க வேண்டும். வேர்ட்பிரஸ் டாட் காமிலும் இதே கதைதான்: எழுத்துக்கு ஒரு ஏற்றுமதி, ஊடகக் கோப்புகளுக்கு இன்னொன்று. பிரதி சரியாக இருக்கிறதா என்று பார்க்க, புதிதாக ஒரு வலைப்பதிவைத் திறந்து இறக்குமதி செய்துபாருங்கள். தானாக வெளியிடும் தேர்வை அணைத்துவிட்டால் எல்லாம் வரைவாகவே நிற்கும்.

எழுத்துகளைக் கணினியில் எண்களாகப் பதியும் முறைக்குக் குறியாக்கம் என்று பெயர். இன்றைய பொதுக் குறியாக்கமான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துகள் தனித் தலைவலி. திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் ‘கொ’ என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே, ஒற்றைக் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டாகப் பதிவாகியிருக்கும். யூனிகோடில் க முதலில் வர வேண்டும். வெறுமனே எழுத்துக்கு எழுத்து மாற்றும் நிரல் இதைக் குதறிவிடும். பாமினி என்ற பழைய எழுத்துரு இன்னும் மோசம். அதில் ‘அம்மா’ என்பது கணினியைப் பொறுத்தவரை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். அதனால் மாற்றியில் போடும்போது கட்டுரை நடுவே இருந்த உண்மையான ஆங்கிலச் சொற்களும் வாயில் நுழையாத தமிழாகிவிடும். அவற்றை முன்கூட்டியே தனியே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

பக்கம் முழுக்க, தலையில் கோடு போட்ட சிறிய ஏயும் வட்டத்துக்குள் ஆரும் மாறிமாறித் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அது யூனிகோடு தமிழேதான், உலாவி தவறாக வாசிக்கிறது. குறியாக்கத்தை யுடிஎஃப்-8 (யூனிகோடைப் பதியும் வழக்கமான முறை) என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சேமித்த கோப்பிலேயே வரிசையாகக் கேள்விக்குறிகள் இருந்தால் எழுத்து அழிந்துவிட்டது, எந்த மாற்றியாலும் மீளாது. தரவுத்தளத்தை வேறு சர்வருக்கு மாற்றும்போது குறியாக்கத்தைக் கவனிக்காததுதான் வழக்கமான காரணம்.

சொந்த டொமைன் (தனி இணையப் பெயர்) வாங்கி பிளாக்கரில் இணைத்தவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். டொமைன் காலாவதியானாலும், பிளாக்கர் முதலில் கொடுத்த பழைய பிளாக்ஸ்பாட் முகவரி வாசகரை அங்கேயே அனுப்பிக்கொண்டிருக்கும். அந்தப் பெயரைச் சூதாட்டத் தளம் ஏதாவது வாங்கியிருந்தால் கவிதை தேடி வந்தவர் ரம்மி ஆட வேண்டியதுதான். அமைப்புகளில் டொமைன் இணைப்பை நீக்கினால் பழைய முகவரி உயிர்பெறும். அதற்குக் கணக்கின் கடவுச்சொல் யாரிடமாவது இருக்க வேண்டும். நம்பகமான இன்னொருவரை நிர்வாகியாகச் சேர்த்து வைப்பது ஐந்து நிமிட வேலை. இரண்டு ஆண்டுகள் தொடாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்பது 2023 முதல் கூகுளின் விதி. கணக்கு செயலற்றுப்போனால் யாருக்குத் தகவலும் கோப்புகளும் போக வேண்டும் என்று பத்துப் பேர் வரை குறித்து வைக்கவும் அங்கே வசதி உண்டு.

இணையப் பக்கங்களின் பிரதிகளைக் காத்துவைக்கும் இண்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினிலும் பக்கங்களைச் சேமிக்கலாம். ஆனால் 2024 அக்டோபரில் தாக்குதலுக்குள்ளாகி அதுவே பல நாள் முடங்கியது, எனவே அதை மட்டும் நம்பக் கூடாது. உலாவிக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலால் இயங்கும் வார்ப்புருக்கள் (பக்க வடிவமைப்புகள்) அங்கே வெற்றுப் பக்கமாகப் பதிவாவதும் உண்டு. எளிய வார்ப்புருவுக்கு மாறிவிட்டுச் சேமியுங்கள்.

கடைசியாக, தங்களைப் போன்ற நாளிதழ்களுக்கு. பழைய வலைப்பதிவுகள் மேற்கோள் காட்டும் செய்தி இணைப்புகள், தளத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அறுந்துபோகின்றன. அடுத்த முறை மாற்றும்போது பழைய முகவரிக்கு நேராகப் புதிய முகவரி என்று அட்டவணை போட்டு, ஒவ்வொன்றுக்கும் 301 நிரந்தரத் திருப்பல் (பழைய முகவரிக்கு வருபவரைத் தானாகப் புதியதற்கு அனுப்பும் ஏற்பாடு) கொடுக்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்புவது பயன்படாது. கூகுள் அதைப் பக்கம் இல்லை என்றே எடுத்துக்கொள்ளும், வாசகருக்கும் தேடி வந்த செய்தி கிடைக்காது.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி