மைதானத்தின் மறுபாதி

கோயம்புத்தூர்
12.5.2024

அன்பு நண்பன் இளங்கோவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு மெல்பர்னிலேயே வேலை அமைந்ததும், உன் முழங்கால் வலி தணிந்திருப்பதும் மகிழ்ச்சி தந்தன. அந்த ஊரிலேயே இருந்தும் உனக்குப் பார்க்கத் தோன்றாத ஃபூட்டியை, அதாவது ஆஸ்திரேலியக் கால்பந்தை, நான் இங்கே உட்கார்ந்துகொண்டு ஏன் பார்க்கிறேன் என்று கேட்டிருந்தாய்.

நேரம் ஒத்துவருகிறது என்பது முதல் காரணம். அங்கே சனிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணிக்குத் தொடங்கும் செப்டம்பர் இறுதியாட்டம் இங்கே காலை பத்து மணிக்கு வந்துவிடும்; ஐரோப்பியக் கால்பந்துக்காக நள்ளிரவில் விழித்திருக்கும் வயதை நான் தாண்டிவிட்டேன். ஆனால் நேரம் வசதியாக இருப்பதால் மட்டும் ஓர் ஆட்டம் பிடித்துவிடாது.

அணிக்கு 18 பேர், ஆஃப்சைடு என்ற கட்டுப்பாடே இல்லாமல், முட்டை வடிவப் பந்துக்காக மைதானமெங்கும் ஓடும்போது முதலில் கண்ணில் படுவது வெறும் நெரிசல்தான். ‘மார்க்’ என்பது புரிந்த பிறகே அந்த நெரிசலுக்குள் ஓர் ஒழுங்கு தெரியத் தொடங்கும். குறைந்தது 15 மீட்டர் தூரம் உதைக்கப்பட்ட பந்தை, வேறு எவர் கையும் படாமல், தரையைத் தொடுமுன் பிடித்துவிட்டவர் எந்த அணியினராக இருந்தாலும் ஆட்டம் அவருக்காக நிற்கும். எவருடைய இடையூறும் இன்றி நிதானமாகப் பார்த்து அடுத்த உதையை அவர் உதைக்கலாம். பிடி தவறினாலோ எல்லாமே அவசரம்தான். பந்தைக் கையால் எறியக் கூடாது, ஒரு கையில் ஏந்தி மறு கை முஷ்டியால் குத்தித்தான் அனுப்ப வேண்டும். ஓடுகிறவர் 15 மீட்டருக்கு ஒரு முறை பந்தைத் தரையில் தட்டியாக வேண்டும். விடுவதற்கு வாய்ப்பிருந்தும் விடாமல் பந்தோடு மடக்கப்பட்டால் எதிரணிக்கு ஃப்ரீ கிக் போய்விடும். வாய்ப்பு இருந்ததா இல்லையா என்பது நடுவரின் கணிப்பு. விசில் ஊதுமுன்பே அரங்கம் முழுவதும் ‘பால்!’ (பந்து!) என்று கத்துவது இதற்காகத்தான். வர்ணனையாளர்களே தங்களுக்குள் ஒத்துப்போகாத இந்த விதியை முழுவதுமாக விளங்கிக்கொள்ளும் முயற்சியை நான் கைவிட்டுவிட்டேன்.

எனக்கு மிகவும் பிடித்தது புள்ளி கொடுக்கும் முறை. இரு முனைகளிலும் நான்கு கம்பங்கள் நிற்கும். நடுவிலுள்ள இரண்டுக்கும் இடையே உதைத்தால் கோல், அதற்கு 6 புள்ளிகள். அவற்றுக்குப் பக்கத்து இடைவெளியில் போனால் ‘பிஹைண்ட்’, 1 புள்ளி. குறி தப்பியதற்கும் கூலி உண்டு! 2023 இறுதியாட்டத்தில், 1,00,024 பேர் முன்னிலையில், பிரிஸ்பேன் அணி 13 கோல் அடித்தது; மெல்பர்னின் காலிங்வுட் அணி அடித்தது 12தான். ஆனால் காலிங்வுட்டுக்கு 18 பிஹைண்ட், பிரிஸ்பேனுக்கு எட்டே எட்டு. 90க்கு 86 என்று கோப்பை காலிங்வுட்டுக்குப் போனது. அத்தனை தடவை பந்தைக் கம்பங்கள் வரை கொண்டுசென்றவர்கள் வென்றதில் எனக்கு அநியாயம் எதுவும் தெரியவில்லை. நான் காலிங்வுட் பக்கம் என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள். உங்கள் ஊரில் ஒன்பது அணிகள் இருக்கின்றன. யாருக்கு எந்த அணி என்பது பெரும்பாலும் குடும்ப வழியிலேயே முடிவாகிவிடுகிறது. எனக்கோ அந்தக் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை பிடித்திருந்தது, அவ்வளவுதான். காலிங்வுட்டின் பழைய எதிரிகளான கார்ல்டன்காரர்களை வெறுக்க வேண்டிய பரம்பரைக் கடமையும் எனக்கு இல்லை.

குளிர்காலத்தில் கிரிக்கெட் வீரர்களின் உடல் தளர்ந்துவிடக் கூடாது என்று கிரிக்கெட் வீரர் டாம் வில்ஸ் 1858இல் பத்திரிகைக்கு எழுதிய கடிதமும், மறு ஆண்டு மெல்பர்னில் எழுதப்பட்ட விதிகளும்தாம் இந்த ஆட்டத்தின் தொடக்கம். கிரிக்கெட் மைதானங்களிலேயே வளர்ந்ததால் இதற்கு ஒரே அளவு என்பது இன்றுவரை கிடையாது. நீளம் 135 முதல் 185 மீட்டர் வரை இருக்கலாம். பக்கத்து ஊரான ஜீலாங்கின் மைதானம் குறுகலானது, மெல்பர்ன் கிரிக்கெட் மைதானமோ அகன்றது. ஒன்றில் எடுபட்ட உத்தி மற்றதில் எடுபடுவதில்லை.

என் குறையும் இங்கேதான் தொடங்குகிறது. கேமரா பந்தின் பின்னாலேயே போகிறது. ஓர் உதை 50 மீட்டர் பறக்கும் ஆட்டத்தில், அந்தப் பந்து எங்கே விழப்போகிறதோ அங்கே முன்வரிசைக்காரர் தம்மைக் காவல் காப்பவரை எப்படி இழுத்துச் சென்று இடத்தைக் காலியாக்கினார் என்பது திரைக்கு வெளியே நடந்து முடிந்துவிடுகிறது. பந்து வந்து சேரும்போது, யாரோ ஒருவர் எங்கிருந்தோ முளைத்தாற்போல் கையை நீட்டி நிற்பது மட்டுமே எனக்குத் தெரிகிறது. கோல் கம்பங்களுக்குப் பின்னாலிருந்து எடுத்த காட்சியை மறுபடி காட்டும்போதுதான் கொஞ்சம் விளங்குகிறது. அதையும் சில நொடிகளுக்குமேல் காட்டுவதில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்தப் பருவத்தில் காலிங்வுட் அங்கே ஆடும் ஒரு நாளில், கம்பங்களுக்குப் பின்னால் மேல் அடுக்கில் இருக்கை வாங்கிக்கொள். மகளையும் அழைத்துப் போ. ஆட்டத்தில் கால்வாசி நேரமாவது பந்தைப் பார்க்காதே. காலிங்வுட்டின் டார்சி மூர் பின்வரிசையில் ஆடுகிறவர். எதிரணியின் கையில் பந்து இருக்கும்போது அவர் யாருக்குப் பக்கத்தில் நிற்கிறார், எந்தக் கணத்தில் அந்த ஆளை விட்டுவிட்டுப் பந்து வரும் இடத்துக்கு ஓடுகிறார், விட்டுப்போன ஆளை வேறு யார் வந்து பார்த்துக்கொள்கிறார் என்பதைக் கவனித்து எனக்கு எழுது. ஒரு தாளில் படமாக வரைந்து அனுப்பினாலும் போதும்.

உன்,
முருகேசன்