யானைத் தடத்தில் ஒரு குழியானை

அன்புள்ள மணி,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடாமல் ஏழு மாதம் கடத்திவிட்டேன்; கோபித்துக்கொள்ள உனக்கு முழு உரிமை உண்டு. அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததை உன் தங்கை சொன்னாள். இங்கே சாம்பியாவில், லுசாகா நகரில் நாங்கள் நலம். சென்ற வாரம் தெற்கு லுவாங்வா காட்டில் நான்கு நாள் நடந்துவிட்டு வந்தேன். அதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பதினோரு ஆண்டுகளாக இந்த நாட்டில் இருந்தும் இதுவரை ஜீப்பிலிருந்துதான் காட்டைப் பார்த்திருக்கிறேன். வண்டியை விலங்குகள் பொருட்படுத்துவதில்லை. சிங்கம்கூடக் கண்ணை மூடியபடி படுத்திருக்கும். ஆனால் மனிதன் தரையில் இறங்கிவிட்டால், அரை மைல் தொலைவில் மேயும் பூக்கு மான் கூடத் தலையைத் தூக்கி நம்மையே பார்க்கிறது. துப்பாக்கி ஏந்திய வனக்காவலர் முன்னே செல்ல, அடுத்து வழிகாட்டி, அவருக்குப் பின்னால் நாங்கள் ஆறு பேர் ஒற்றை வரிசையில், பேசாமல் நடந்தோம். என்ன நேர்ந்தாலும் ஓடக் கூடாது என்பது முதல் கட்டளை. எருமைமேல் உண்ணி கொத்தும் பறவைகளின் சீறல் கேட்டால் வழிகாட்டி உடனே நின்றுவிடுவார். புதருக்குள் எருமை இருக்கிறது என்று எங்களுக்கு முதலில் சொன்னவை அந்தப் பறவைகள்தாம்.

இரண்டாம் நாள் காலை, வற்றிய ஓடை மணலில் தாம்பாளம் போன்ற ஒரு யானைத் தடம் கிடந்தது. முன்கால் தடம் வட்டமாகவும் பின்கால் தடம் நீள்வட்டமாகவும் இருக்கும் என்பதையும், உள்ளங்காலின் வெடிப்புகள் மணலில் கோடுகளாகப் பதிந்திருந்ததையும் காட்டிவிட்டு, வழிகாட்டி ஒரு புல்லால் அதன் நடுவைத் தொட்டார். அங்கே சின்னஞ்சிறு புனல் வடிவக் குழி. நம் பள்ளித் திண்ணைக்கு அடியில் மண்ணைக் கிளறி நீயும் நானும் பிடித்த அதே குழியானை, மணி! யானை மிதித்துப் போன பிறகுதான் அந்தப் பூச்சி அங்கே குழி தோண்டியிருக்க முடியும். ஆகவே யானை போய் வெகுநேரம் ஆகிவிட்டது என்று அவர் கணக்கிட்டார். உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் போலிருந்தது. பேசக் கூடாது என்பதால் அடக்கிக்கொண்டேன்.

மறுநாள் மொபானி மரங்களுக்கிடையே உண்மையான யானையே நின்றது. காற்றின் திசை பார்க்க, வழிகாட்டி சிறு துணிப்பையிலிருந்து சாம்பலைத் தட்டினார். அது எங்கள் பக்கமிருந்து யானையை நோக்கி மிதந்து போயிற்று. காற்று திரும்பி, எங்கள் வாடையை அதனிடம் கொண்டுபோய்விட்டது. யானையின் காது விரிந்தது, தும்பிக்கை உயர்ந்தது. வந்த வழியே, முகத்தை அதன் பக்கம் வைத்தபடி, மெல்லப் பின்வாங்கினோம். என் இதயம் அடித்தது காதில் கேட்டது. ஆனால் அந்த அச்சத்தில் வெறுப்பு இல்லை. அது அதன் வீடு.

இந்த நடைக்கு ஒரு வரலாறு உண்டு. 1950-இல் நார்மன் கார் என்ற காட்டுயிர்க் காவலர், இந்தப் பகுதியில் வாழும் குந்தா மக்களின் தலைவரான ந்செஃபுவின் இசைவோடு, அங்கே பார்வையாளர்களுக்கான முகாம் ஒன்றை அமைத்தார். வருமானத்தில் அந்த மக்களுக்குப் பங்கு இருந்தது. 1960-களில் இந்த வழிநடைப் பயணத்தைத் தொடங்கியவரும் அவர்தான். அதன்பின் 1970-களிலும் 1980-களிலும் வேட்டைக்காரர்கள் கொம்புக்காகவும் தந்தத்துக்காகவும் காட்டைச் சூறையாடினார்கள். எங்கள் வழிகாட்டியின் தகப்பனார் கருங்காண்டாமிருகத்தின் தடத்தை அடையாளம் காணத் தெரிந்தவராம். மகனுக்குக் காட்ட இந்த மண்ணில் அந்தத் தடம் மிஞ்சவில்லை. 2003 தொடங்கி வடக்கு லுவாங்வாவில் காண்டாமிருகங்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள் என்றபோதும், தன் காட்டில் அதைப் பார்க்காமலே முதுமை அடைந்துவிடுவேனோ என்று அவர் கேட்டது எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது.

நீ செப்டம்பரில் வந்துவிடு. ஆற்றங்கரை மண்சுவரில் செந்நிறப் பஞ்சுருட்டான்கள் ஆயிரக்கணக்கில் வளை தோண்டும் காலம் அது. நவம்பரில் மழை பிடித்துவிட்டால் பல முகாம்களை மூடிவிடுவார்கள். பேத்தியை அழைத்து வருவாயானால் ஒன்று நினைவில் கொள்: பன்னிரண்டு வயது நிரம்பாத பிள்ளைகளைப் பெரும்பாலும் நடைக்குச் சேர்ப்பதில்லை. முழங்காலுக்கு மருத்துவரிடம் காட்டிவிட்டு வா. உன் நீலச் சட்டைகளையெல்லாம் வீட்டிலேயே வைத்துவிடு. இங்குள்ள செட்சி என்னும் கடிக்கும் ஈக்களை நீலமும் கறுப்பும்தான் ஈர்க்கின்றன.

அன்புடன்,
சுந்தரம்