அங்கே கட்-ஆப் கிடையாது

மரியே வாழ்க

பாளையங்கோட்டை
15.6.2025

அன்பு மகன் சேவியருக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உன் மகள் பாப்பா பிளஸ் டூ வகுப்புக்குப் போகத் தொடங்கிவிட்டாள். அமெரிக்காவில் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் அவளுக்கு இடம் கிடைக்குமா, கட்-ஆப் எவ்வளவு என்று போனில் கேட்டாய். மஸ்கட் போனில் பாதி காதில் விழாது, விழுந்ததும் மனதில் நிற்காது. அதனால் எழுதுகிறேன். இதைப் பத்திரமாக வை. நவம்பர் வரைக்கும் தேவைப்படும்.

முதலில் கட்-ஆப் என்ற நினைப்பை விடு. நம் இன்ஜினியரிங் கலந்தாய்வில் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கூட்டி வரிசைப்படுத்துகிறார்கள். 196 எடுத்தவன் 195 எடுத்தவனுக்கு முன்னால் நிற்பான். யாரும் எதுவும் பேச முடியாது. நோட்டர் டேமில் அப்படி ஒரு வரிசையே இல்லை. ஒவ்வொரு பிள்ளையின் விண்ணப்பக் கோப்பையும் ஆட்கள் உட்கார்ந்து வாசித்து, விவாதித்து முடிவு செய்கிறார்கள். இந்த ஆண்டுச் சேர்க்கைக்கு 35,000-க்கும் மேல் விண்ணப்பம் போனது. நூற்றுக்கு ஒன்பது பேர் அளவில்தான் எடுத்தார்கள். அந்த ஒன்பதிலும் அங்கே படித்தவர்களின் பிள்ளைகள் உண்டு, விளையாட்டுக்காக எடுக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் நம்மைப் போல எந்தத் தொடர்பும் இல்லாத வெளிநாட்டுப் பிள்ளைக்கு நூற்றுக்கு நாலைந்து என்று வைத்துக்கொள். இது என் மதிப்பு, அவர்கள் சொன்ன கணக்கு அல்ல. பாப்பாவின் மார்க்கைப் பார்த்து இதை இருபது முப்பது என்று ஏற்றாதே. விண்ணப்பிக்கிறவர்களில் பெரும்பாலோர் நல்ல மார்க் எடுத்தவர்கள்தான்.

‘நாம் கத்தோலிக்கர், நான் படித்ததும் ஜெசூட் என்கிற சேசு சபையார் கல்லூரி, பங்குச் சாமியாரிடம் ஒரு கடிதம் வாங்கிவிடலாம்’ என்றாய். நோட்டர் டேம் சேசு சபை நடத்துவது அல்ல. 1842-ல் திருச்சிலுவைச் சபையைச் சேர்ந்த எட்வர்ட் சோரின் சாமியார் இண்டியானா மாநிலத்தில் தொடங்கியது அது. ‘ஹோலி கிராஸ்’ என்றதும் திருச்சியையும் நாகர்கோவிலையும் நினைக்காதே. அந்தக் கல்லூரிகளை நடத்தும் சகோதரிகள் வேறு சபை. அமெரிக்காவில் சேசு சபையார் கையில் இருப்பவை ஜார்ஜ்டவுன், பாஸ்டன் காலேஜ், ஃபோர்டாம் போன்றவை. எந்தச் சபையாக இருந்தாலும் ஞானஸ்நானச் சான்றிதழ் நுழைவுச்சீட்டு ஆகாது. நோட்டர் டேமில் படிக்கிற பிள்ளைகளில் ஏறக்குறைய எண்பது சதவீதம் கத்தோலிக்கர். அங்கே கத்தோலிக்கப் பிள்ளை என்பது தனித்துத் தெரிகிற அடையாளமே இல்லை. ‘தவறாமல் பூசைக்கு வருவாள்’ என்று சாமியார் எழுதும் கடிதம் கோப்பைத் தடிமனாக்கும், வேறொன்றும் செய்யாது. ஆனால் பாப்பா மூன்று வருஷமாக ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாளே, அது வேறு விஷயம். அது வேலை. அதற்குரிய இடத்தில் அதை எழுத வேண்டும்.

சரி, கோப்பில் எது பேசும்? பள்ளியிலிருந்து போகிற காகிதங்கள்தான் முதலில். நம் ஊர்ப் பிள்ளைகள் தோற்கிற இடமும் அதுதான்.

அவர்கள் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை நான்கு வருஷ மார்க்கையும் கேட்பார்கள். பாப்பாவுக்குப் பத்தாம் வகுப்பில் 500-க்கு 488, பிளஸ் ஒன்னில் 600-க்கு 578. இரண்டும் அரசுத் தேர்வு, சான்றிதழ் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புக்கு ராங்க் கார்டு மட்டும்தான்; அது வீட்டில் இல்லை, பள்ளிப் பதிவேட்டிலிருந்து எடுத்துத் தலைப்புத்தாளில் அடித்து முத்திரை வைத்து வாங்க வேண்டும். பிளஸ் டூவுக்கு, முன்கூட்டியே விண்ணப்பிக்கக் கடைசி நாளான நவம்பர் 1-ல் காட்ட இருப்பது காலாண்டு மார்க் ஒன்றுதான். நம் பள்ளிகளில் காலாண்டு என்றால் பிள்ளைகளைப் பயமுறுத்தக் கறாராகத் திருத்துகிற வழக்கம் உண்டு. அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். ஜனவரியில் அரையாண்டு மார்க் போகும், மே மாதம் அரசுத் தேர்வு முடிவு போகும்.

இந்த மார்க்கை அங்கே வாசிக்கிறவருக்கு 578 பெரிதா சிறிதா என்று எப்படித் தெரியும்? அதற்குத்தான் பள்ளியைப் பற்றிய ஒரு பக்கக் குறிப்பு. எத்தனை பேர் படிக்கிறார்கள், எந்தப் பாடத்திட்டம், 600-க்கு 570-க்கு மேல் போன வருஷம் எத்தனை பேர், பள்ளி ராங்க் கொடுக்கிறதா இல்லையா, கூடுதல் கடினப் பாடங்கள் பள்ளியில் கிடையாது என்பது, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். கடைசி விஷயம் முக்கியம். அமெரிக்கப் பிள்ளை பள்ளியில் கிடைக்கிற கடினமான பாடங்களை எடுத்தாளா என்று பார்ப்பார்கள். இங்கே தேர்ந்தெடுக்க அப்படிப் பாடமே இல்லை என்பதைப் பள்ளிதான் சொல்ல வேண்டும். இப்படி ஒரு குறிப்பு நம் பள்ளிகளில் தயாராக இருக்காது. தலைமை ஆசிரியைக்கு ஒரு மாதிரி எழுதிக் கொடுத்திருக்கிறேன். எண்களை அவர்களே நிரப்பட்டும்.

அடுத்தது ஆசிரியர் கடிதம். நோட்டர் டேமுக்குப் பாட ஆசிரியர் ஒருவரும் பள்ளியும் எழுதினால் போதும். பாஸ்டன் காலேஜ் போட்டால் ஆசிரியர் இருவர் வேண்டும். நம்மவர்களிடம் கேட்டால் டி.சி.யில் எழுதுகிற மாதிரி ‘நன்னடத்தை உடையவர், கடின உழைப்பாளி, வாழ்த்துகள்’ என்று நாலு வரி தந்துவிடுவார்கள். பாசத்தோடுதான் தருவார்கள், ஆனால் அது பிள்ளையைக் கொன்றுவிடும். இயற்பியல் டீச்சர் இரண்டு வருஷமாக எடுக்கிறார், அவரே எழுதட்டும். பாப்பா என்ன கேள்வி கேட்டாள், எந்தச் சோதனையில் தப்பு வந்தபோது திரும்பச் செய்தாள், வகுப்பில் மற்றவர்களோடு எப்படி இருந்தாள் என்று நடந்ததை எழுத வேண்டும். ஜூலையிலேயே கேட்டுவிட வேண்டும், செப்டம்பர் முடிவுக்குள் ஏறிவிட வேண்டும். கடிதத்தைப் பாப்பாவோ நாமோ ஏற்ற முடியாது. காமன் ஆப் என்ற பொது விண்ணப்பத்திலிருந்து டீச்சருக்கு ஒரு இணைப்பு போகும். அது ஸ்பேமில் போய் உட்காரும், அவர் வரவில்லை என்பார், இவள் அனுப்பிவிட்டேன் என்பாள். எனவே டீச்சர் பள்ளியின் மின்னஞ்சல் முகவரியையே கொடுக்கட்டும். அனுப்பிய அன்றே பாப்பா போய்த் திறந்து காட்டச் சொல்லட்டும்.

பெயர். இதை இப்போதே சரிசெய். மார்க் ஷீட்டில் ‘ஜெனிபா மரியா எக்ஸ்’. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் உன் முழுப்பெயர். எஸ்.ஏ.டி. என்ற அமெரிக்கக் கல்லூரி நுழைவுத்தேர்வுக்கு யாரோ இனிஷியலோடு பதிந்திருக்கிறார்கள். மூன்றும் மூன்று பிள்ளை என்று கணினி நினைத்தால் காகிதங்கள் ஒன்று சேராமல் கிடக்கும். பாஸ்போர்ட்டில் இருப்பதையே எல்லா இடத்திலும் போடு. இனிஷியல் எதைக் குறிக்கிறது என்று பள்ளி ஒரு வரி சான்று கொடுக்கட்டும்.

எஸ்.ஏ.டி. பற்றி: நோட்டர் டேம் இதை 2025-26 விண்ணப்பத்துக்கும் கட்டாயமாக்கவில்லை. அங்கே சேர்ந்தவர்களில் மதிப்பெண் கொடுத்தவர்களை வரிசைப்படுத்தினால், நடுவில் நிற்கிற பாதிப் பேர் சுமார் 1450-க்கும் 1550-க்கும் இடையே இருப்பார்கள். மாதிரித் தேர்வில் பாப்பா 1390: கணக்கு 740, வாசிப்பு 650. கணக்கில் பயமில்லை. வாசிப்பில்தான் சறுக்குகிறது. 54 கேள்வி, இரண்டு பகுதி. முதல் பகுதியில் எப்படிச் செய்தாளோ அதை வைத்து இரண்டாம் பகுதி கடினமாகவோ எளிதாகவோ வரும். முதலில் தடுமாறினால் எளிதான பகுதி வரும், அதில் எல்லாம் சரியாகப் போட்டாலும் மதிப்பெண் ஓரளவுக்கு மேல் ஏறாது. மனப்பாடம் செய்து பழகிய பிள்ளைக்கு இது புதிது. ஆகஸ்ட் 23, அக்டோபர் 4, இரண்டு தேர்வும் எழுதட்டும். 1450-க்கு மேல் வந்தால் கொடுப்போம், வராவிட்டால் நோட்டர் டேமுக்குக் கொடுக்க வேண்டாம். ஜார்ஜ்டவுன் அப்படி அல்ல. அங்கே எஸ்.ஏ.டி. அல்லது அது போன்ற ஏ.சி.டி. தேர்வு கட்டாயம், எழுதிய எல்லாத் தேர்வின் மதிப்பெண்ணும் போக வேண்டும். இந்த 2025-26 ஆண்டு விண்ணப்பமும் காமன் ஆப் அல்ல, அவர்களுடைய தனி விண்ணப்பம். ஆகவே ‘சும்மா எழுதிப் பார்க்கிறேன்’ என்று ஒரு தேர்வும் எழுதக்கூடாது.

பொது விண்ணப்பத்தில் படிப்புக்கு வெளியே உள்ள செயல்பாடுகளுக்குப் பத்து இடம், ஒவ்வொன்றுக்கும் 150 எழுத்து. பத்தையும் நிரப்பக் கூட்டம் சேர்க்காதே. மறைக்கல்வி, பாடகர் குழு, அறிவியல் மன்றம், உன் அம்மாவுக்குத் தினமும் இன்சுலின் போட்டு அளவு எழுதி வைப்பது, இந்த நாலும் உண்மை. வீட்டுப் பொறுப்புக்கு அந்தப் பட்டியலிலேயே ஒரு வகை இருக்கிறது. அதை வெட்கப்பட்டு விடுகிற பிள்ளைகள் நிறைய. கட்டுரை 650 சொல்லுக்குள். அதற்கு மேல் நோட்டர் டேம் கேட்கும் சிறு கேள்விகள் உண்டு. அவற்றில் ‘உங்கள் புகழ்பெற்ற பல்கலைக்கழகம்’ என்று புகழ்பாடினால் சவத்த விடு, யாரும் வாசிக்க மாட்டார்கள். நேர்காணல் கிடையாது, அதனால் பேச்சில் சமாளிக்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம்.

இனிப் பணம். ஆண்டுக்கு 85,000 டாலருக்கு மேல் ஆகும். உன் சம்பளத்தில் அது நடக்காது என்று உனக்கே தெரியும். ஆனால் 2024 செப்டம்பரில் நோட்டர் டேம் ஓர் அறிவிப்பு செய்தது: வெளிநாட்டுப் பிள்ளை உதவி கேட்கிறதா என்று பார்க்காமலே சேர்க்கையை முடிவு செய்வார்கள், தேவை முழுவதையும் கடன் இல்லாமல் ஈடுசெய்வார்கள். அதனால்தான் இந்த ஒரு கல்லூரிக்கு இவ்வளவு மெனக்கெடச் சொல்கிறேன். பல இடங்களில் வெளிநாட்டுப் பிள்ளை உதவி கேட்டாலே அதுவும் தராசில் ஏறும். அப்படிப்பட்ட கல்லூரியில் இடம் கிடைத்து, பணம் கிடைக்காமல் போனால் அது கிடைத்ததாகவே ஆகாது.

உதவிக்கு சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற படிவம் நிரப்ப வேண்டும். அது உன் வேலை. ஓமானில் வருமான வரிக் கணக்கு இல்லாததால் கம்பெனியிடமிருந்து ஆண்டுச் சம்பளம், வீட்டுப்படி, டிக்கெட் பணம் தனித்தனியாகப் பிரித்து ஒரு கடிதம் வாங்கு. ரியாலா ரூபாயா, ஒரே பணத்தில் கடைசி வரை போடு. தாமிரபரணிக்கரை நஞ்சை என் பேரிலும் சித்தப்பா பேரிலும் கூட்டுப் பட்டாவில் இருக்கிறது. அதை உன் சொத்தாகக் காட்டாதே. மகாராஜநகர் பிளாட் உன் பேரில்; அதை மறைக்காதே. உண்மைக்கு மாறாக ஒரு வரி இருந்தால் கிடைத்த இடமும் போகும்.

விண்ணப்பத்தை நவம்பரில் போடுவதா ஜனவரியில் போடுவதா என்ற கேள்வி பாக்கி. நவம்பர் 1-ல் போட்டால் டிசம்பர் நடுவில் பதில். போன முறை அப்படிப் போட்டவர்களில் சுமார் 13 சதவீதம் பேரை எடுத்தார்கள். ஒன்பதை விடப் பதின்மூன்று பெரிது என்று துள்ளாதே. முன்னாடியே போடுகிற கூட்டத்தில்தான் பழைய மாணவர் பிள்ளைகளும் நல்ல தயாரிப்போடு வருகிறவர்களும் அதிகம். அப்படிப் போட்டால் வேறு எங்கும் ‘எடுத்தால் கட்டாயம் சேருவேன்’ என்ற முன்விண்ணப்பம் போட முடியாது, அவ்வளவுதான் கட்டுப்பாடு. ஆகஸ்டு மதிப்பெண் 1450-ஐத் தொட்டு, டீச்சர் கடிதம் செப்டம்பரில் ஏறிவிட்டால் நவம்பரில் போடலாம். இல்லையென்றால் அக்டோபர் தேர்வுக்கும் அரையாண்டுக்கும் இடம் விட்டு ஜனவரியில் போடுவதுதான் நல்லது. அரைகுறைக் கோப்பை முந்தி அனுப்புவதில் லாபமில்லை.

வேறு கல்லூரிகளை எடைபோட ஒரு வழி சொல்கிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் ஆண்டுதோறும் ‘காமன் டேட்டா செட்’ என்று ஒரே வடிவில் ஓர் அறிக்கை வெளியிடும். சி-1 பகுதியில் எத்தனை பேர் போட்டார்கள், எத்தனை பேரை எடுத்தார்கள். சி-7 பகுதியில் எதற்கு எவ்வளவு எடை, மதச் சார்பு, பழைய மாணவர் உறவு உட்பட. சி-9 பகுதியில் மதிப்பெண். எச் பகுதியில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு எவ்வளவு உதவி கொடுத்தார்கள். ஏஜெண்ட் சொல்வதைக் கேட்பதை விட இந்த நாலு பகுதியை வாசி. ‘கத்தோலிக்கக் கோட்டா’ பேசும் ஏஜெண்டுக்கு ஒரு காசும் கொடுக்காதே.

இங்கே இயற்பியலுக்கு சென்னை லொயோலா, திருச்சி செயின்ட் ஜோசப், நம் வாசலிலேயே சேவியர் கல்லூரி மூன்றுக்கும் போட வைப்பேன். ஐசர் என்ற மத்திய அரசு அறிவியல் கல்வி நிலையங்களுக்கான நுழைவுத்தேர்வும் எழுதுவாள். அது என் பொறுப்பு.

உன் பங்குக்கு மூன்று வேலை: சம்பளக் கடிதம், பிளாட் பத்திர நகல், பாஸ்போர்ட் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும். ஜூலை 15-க்குள் ஸ்கேன் பண்ணி பாப்பாவின் மெயிலுக்கு அனுப்பு; வாட்ஸப்பில் போட்டோவாக அனுப்பினால் எழுத்து மங்கிவிடும்.

அன்புடன்
அப்பா