பழைய சிஎஸ்எஸ்ஸுக்குப் பயனர் பொறுப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேவைத் தளங்களில் பக்கம் குலைந்து தெரிவதாகப் புகார் செய்தால், 'கேஷை (பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் கோப்புகளை) அழித்துவிட்டு மீண்டும் முயலுங்கள்' என்று பயனருக்கே வேலை வைப்பது வழக்கமாகிவிட்டது. இணையச் செயலிகளை உருவாக்குவதையே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் இதை என்னால் ஏற்க முடியவில்லை.

பக்கத்தின் தோற்றத்தை நிர்ணயிக்கும் சிஎஸ்எஸ் கோப்பை பிரவுசர் ஒருமுறை இறக்கிச் சேமித்துக்கொள்கிறது. சர்வர் அதற்கு 'மேக்ஸ்-ஏஜ்' (சேமித்த கோப்பு செல்லுபடியாகும் காலம்) மதிப்பாக 31536000 நொடிகள், அதாவது ஓராண்டு, கொடுத்திருந்தால், அதே பெயரில் புதிய கோப்பை வைத்தாலும் பிரவுசர் பெரும்பாலும் அதைத் திரும்பிப் பார்க்காது. பக்கத்தின் உள்ளடக்கத்தைத் தரும் புதிய எச்டிஎம்எல்லும் பழைய சிஎஸ்எஸ்ஸும் கலந்து, விண்ணப்பத்தின் 'சமர்ப்பி' பொத்தான் வேறொரு பட்டைக்கு அடியில் மறைந்துபோவது இப்படித்தான்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. தளத்தின் கோப்புகளை வெளியீட்டுக்குத் தயாரிக்கும் வெப்பேக், வைட் போன்ற கருவிகள், கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட ஹேஷை (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும் குறியீட்டை) அதன் பெயரிலேயே சேர்த்துவிடும். ஒரு நிறத்தை மாற்றினாலும் பெயர் மாறிவிடுவதால், பிரவுசர் அதைப் புதிதாக இறக்கியே தீரும். அந்தப் பெயரைச் சுட்டும் எச்டிஎம்எல் பக்கத்துக்கோ 'நோ-கேஷ்' அமைப்பே பொருந்தும். பிரவுசர் ஒவ்வொரு முறையும் சர்வரைக் கேட்கும், மாற்றமில்லையெனில் 304 என்ற சிறு பதிலோடு வேலை முடியும்.

உருவாக்குபவர்கள் கண்ணில் இக்கோளாறு படாததற்குக் காரணம், அவர்கள் பிரவுசரின் சோதனைச் சாளரமான டெவலப்பர் டூல்ஸில் 'டிஸேபிள் கேஷ்' (சேமித்ததைப் பயன்படுத்தாதே) என்பதைத் தேர்வு செய்துவிட்டு வேலை பார்ப்பதே (அந்தச் சாளரம் திறந்திருக்கும்வரைதான் அது செல்லும்). எனவே, முந்தைய பதிப்பை ஏற்கெனவே பார்த்த சாதாரண பிரவுசரில் சோதித்த பின்னரே புதிய பதிப்பை வெளியிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மென்பொருள் பொறியாளர் ஒருவர்