சிலேத்தார் அணை கண்காட்சிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள பெரியவர்களே, நண்பர்களே, வணக்கம்.

சிங்கப்பூரின் சிலேத்தார் நீர்த்தேக்கத்தின் பழைய அணை (1920), புதிய அணை (1969) பற்றி ஈசூன் வட்டார வாசகர்கள் நாங்கள் வைத்த சிறிய படக் கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. வந்தவர்கள் எல்லாரும் எங்களையே பாராட்டிவிட்டுப் போனார்கள். நாங்கள் செய்தது ஆணி அடித்துப் படம் மாட்டியதுதான். பாராட்டு போய்ச் சேர வேண்டியவர்கள் வேறு என்பதால் இந்த மடல்.

முதல் நன்றி, தண்ணீர் இலாகாவில் பம்பு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயாவுக்கு. பெயர் போட்டால் அடுத்த தடவை வரமாட்டேன் என்று மிரட்டியிருக்கிறார், அதனால் ஐயா என்றே சொல்கிறேன். படங்களை வரிசைப்படுத்திய அன்று பார்த்துவிட்டு, "1920-லிருந்து நேரா 1969-க்குத் தாவினா பாக்குறவனுக்கு என்ன புரியும்? நடுவுல 1963-ஐ வை தம்பி" என்றார். கண்காட்சிக்கு உயிர் வந்தது அந்த ஒரு வார்த்தையில்தான்.

1963-இல் மழை ஏமாற்றியது. ஏப்ரலில் தொடங்கிய தண்ணீர்ப் பங்கீடு மறு ஆண்டு பிப்ரவரி வரை ஓடியது. சிங்கப்பூருக்கென்று அப்போது இருந்தவை மெக்ரிட்ச்சி, பியர்ஸ், சிலேத்தார் என மூன்றே நீர்த்தேக்கங்கள். மற்றதெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம் ஜோகூரிலிருந்து குழாயில் வர வேண்டும். பங்கீடு தொடங்கிய சில நாள்களிலேயே, மே 1-ஆம் தேதி, பொதுப் பயனீட்டுக் கழகம் உருவானது. தண்ணீர் இல்லாத நேரத்தில் தண்ணீர்ப் பொறுப்பை ஏற்றுக்கொண்ட கழகம்! இரண்டே ஆண்டில், 1965-இல், மலேசியாவிலிருந்து பிரிந்து சிங்கப்பூர் தனி நாடாகிவிட்டது. ஜோகூர்த் தண்ணீருக்கு 1961, 1962 ஒப்பந்தங்கள் இருந்தன என்றாலும், சொந்த மண்ணில் விழுகிற மழையைப் பிடித்து வைக்க வேண்டும் என்ற எண்ணம் சும்மா வரவில்லை என்பது இந்த ஆண்டுகளை அடுக்கி வைத்தாலே தெரியும்.

1967-இல் வேலை தொடங்கி, 1969-இல் சிலேத்தாரின் கொள்ளளவு 35 மடங்கு ஆனது. முப்பத்தைந்து மடங்கு எப்படி என்று ஒரு மாணவி கேட்டாள். ஐயா காகிதம் வாங்கிப் படம் போட்டார். பழைய குளத்தைத் தோண்டி ஆழமாக்கவில்லை, பெரிய அணையாகக் கட்டித் தண்ணீரைப் பள்ளத்தாக்குக்குள் பரவ விட்டார்கள். பள்ளத்தாக்கு மேலே போகப்போக அகலும், அதனால் தண்ணீர் ஒவ்வோர் அடி ஏறும்போதும் முந்தைய அடியைவிட அதிகம் கொள்ளும். அது போதாதென்று பக்கத்து ஓடைகளின் தண்ணீரையும் பம்பு வைத்து ஏற்றினார்கள். இந்த இடத்தில் ஐயாவின் குரல் கொஞ்சம் உயர்ந்தது. அணையைப் பார்க்க எல்லாரும் வருகிறார்கள், பம்பை யாரும் பார்ப்பதில்லை என்பது அவருடைய பழைய மனக்குறை. நியாயமான குறை என்றே நினைக்கிறேன்.

அடுத்து, மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்த அக்காவுக்கு. வாயில் குறுக்குக் கட்டை அடித்த டின், கம்பத்தில், அதாவது அன்றைய கிராமக் குடியிருப்பில், பொதுக் குழாயிலிருந்து தண்ணீர் சுமந்தது. பார்வையாளர்கள் சூழ்ந்துகொண்டது இதைத்தான். நாங்கள் எழுதி வைத்திருந்த குறிப்பைப் படித்துவிட்டு அக்கா சொன்னார்: "அணை கட்டுனதும் எங்க வீட்டுல தண்ணி வந்துச்சுன்னு யாரும் நெனச்சிடாதீங்க. எங்க வீட்டுல குழாயே இல்ல." அவர் சமையலறையில் குழாயைத் திறந்தது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோன பிறகுதான். தண்ணீர் தேக்குவது ஒன்று, அது வீட்டுக்குள் வருவது இன்னொன்று. இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும் என்று அவர் சொன்னதை அப்படியே பெரிதாக எழுதி மாட்டினோம். டின்னை எங்களிடமே வைத்துக்கொள்ளக் கேட்டுப் பார்த்தோம், பேரன் கேட்கிறான் என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பழைய தமிழ் முரசு இதழ்களைத் தேசிய நூலகத்தின் மின்தொகுப்பில் தேடிப் படித்த மாணவர்களுக்கும், எங்கள் கேள்விகளைச் சலிக்காமல் கேட்ட நூலக ஊழியர்களுக்கும் நன்றி. விலங்குத்தோட்டம் பற்றிய மூலையை அமைத்த தம்பிக்குத் தனி நன்றி. குழந்தைகள் நின்றது அங்கேதான். சிலேத்தார் அணை வேலை நடந்தபோதுதான், சுற்றியுள்ள நீர்ப்பிடிப்பு நிலத்தை மக்கள் வந்து போகும் இடமாக ஆக்கலாம் என்று பொதுப் பயனீட்டுக் கழகத் தலைவர் ஓங் சுவீ லா யோசித்தார். 1973-இல் திறந்த விலங்குத்தோட்டம் அந்த யோசனையின் பிள்ளை. ஒராங் ஊத்தானுக்கும் அணைக்கும் உறவு உண்டு என்று அன்று பல பெற்றோருக்குத் தெரிந்தது. அப்புறம், சுண்டலும் தேநீரும் கொடுத்த கடைக்காரருக்கு, காசு வாங்க மறுத்ததற்காக ஒரு செல்லக் கோபத்துடன் நன்றி.

இன்னும் ஒரு நன்றி, யாருக்குச் சொல்வது என்று தெரியாமலே நிற்கிறது. புதிய நீர்த்தேக்கத்தை 1969 ஆகஸ்டில் திறந்து வைத்தவர் பிரிட்டிஷ் இளவரசி அலெக்ஸாண்ட்ரா. அது பதிவில் இருக்கிறது. ரோலர் ஓட்டியவர்கள், கல் அடுக்கியவர்கள், இரவுக் காவல் பார்த்தவர்கள் பெயர் எங்களுக்குக் கிடைத்த எதிலும் இல்லை. வந்தவர்களில் சிலர், "எங்கப்பா அங்கதான் லாரி ஓட்டினார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அவர்கள் தயவுசெய்து திரும்ப வர வேண்டும். அப்பாவின் பெயர், ஊர், செய்த வேலை, இவ்வளவு சொன்னால் போதும், எழுதி வைக்கிறோம். புகைப்படம் இருந்தால் அங்கேயே நகல் எடுத்துக்கொண்டு கையோடு திருப்பித் தருவோம்.

இரவல் தந்த படங்கள் பெரும்பாலும் உரியவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டன. பெயர் எழுதாத உறை ஒன்று மட்டும் எங்களிடம் இருக்கிறது. உள்ளே அணைமேல் நிற்கும் ஒரு குடும்பத்தின் படம், பின்னால் பென்சிலில் "1971 பொங்கல்" என்று எழுதியிருக்கிறது. உங்களுடையது என்றால் அடுத்த வாசகர் கூட்டத்துக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
ஈசூன் வட்டார வாசகர்கள் சார்பில்